1943இல் பிறந்த பாட்டிக்கு மட்டும் ஏன் சரியாக வருகிறது?

கேள்வி: "எங்கள் கிளினிக்கின் நோயாளிப் பதிவு சிஸ்டத்தைப் பழைய விண்டோஸ் சர்வரிலிருந்து, லினக்ஸில் ஓடும் புதிய ஜாவா சிஸ்டத்துக்கு மாற்றினோம். டேட்டாபேஸில் எதையும் தொடவில்லை. இப்போது பல நோயாளிகளின் பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. இளையவர்களுக்குச் சரியாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் தப்பு. ஆனால் 1943இல் பிறந்த ஒரு பாட்டிக்குச் சரியாக வருகிறது. சிங்கப்பூரில் டேலைட் சேவிங் கிடையாதே, அப்புறம் எப்படி? தப்பாகத் தெரிகிறவர்களுக்கு ஒரு நாள் கூட்டி அப்டேட் செய்துவிடலாமா?"

தம்பி, அந்தப் பாட்டியைக் கேள்வியில் சேர்த்தது நல்லதாகப் போயிற்று. அவர் இல்லாவிட்டால் "டைம்ஸோன் செட்டிங்கைப் பாருங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அதனால் உங்கள் பிரச்சினை தீர்ந்திருக்காது. அவர் பிறந்த ஆண்டுதான் இதில் துப்பு.

ஒரு நாள் கூட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் ஒரு சோதனை. தப்பாகக் காட்டும் ஒருவரின் பதிவை எடுத்து, தேதியோடு மணியையும் சேர்த்து அச்சிட்டுப் பாருங்கள். அவர் 1975 ஜூன் 15 பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். "1975 ஜூன் 14, இரவு 11.30" என்று வரும். இளையவர் ஒருவருக்குச் சரியாக நள்ளிரவு 12.00. பாட்டிக்கு விடியற்காலை 1.00 மணி. மூன்றும் இப்படியே வந்தால் மேலே படியுங்கள். வராவிட்டால் வியாதி வேறு, மருந்தும் வேறு.

கோடையில் கடிகாரத்தை முன்தள்ளுகிற டேலைட் சேவிங் சிங்கப்பூரில் கிடையாது என்பது இன்றைக்கு உண்மை. அதற்காக நம் கடிகாரம் மாறியதே இல்லை என்று ஆகிவிடாது. இந்தத் தீவு ஏறக்குறைய 103.8 பாகை கிழக்கில் இருக்கிறது. சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டால் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 வினாடி முன்னால் இருக்க வேண்டிய ஊர். 1905 ஜூன் 1 வரை அப்படித்தான் இருந்தது. அன்று அதை முழுசாக 7 மணி ஆக்கினார்கள். 1933இல் 20 நிமிடம் கூட்டி 7.20. டேலைட் சேவிங் என்ற பெயரில்தான் கூட்டினார்கள்; மூன்று ஆண்டு கழித்து அதையே நிரந்தரமாக்கினார்கள். 1941 செப்டம்பரில் 7.30. அடுத்த பிப்ரவரி 15 அன்று தீவு ஜப்பானியர் கைக்குப் போனது. மறுநாளே கடிகாரமும் தோக்கியோவுக்குப் போனது, 9 மணி. 1945 செப்டம்பரில் திரும்பவும் 7.30. அப்புறம் 36 ஆண்டுகள் யாரும் தொடவில்லை.

1981 கடைசியில், மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர 8 மணிக்கு மாறியது. தினமும் பாலம் கடந்து போய்வருகிற ஊருக்கு அரை மணி வித்தியாசம் தொல்லை என்று நாமும் கூடவே மாறினோம். டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12க்குத் தள்ளியாயிற்று. அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் சிங்கப்பூரில் நடக்கவே இல்லை. "நான் அன்றைக்கு இரவு 11.45க்குப் பிறந்தேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் சிஸ்டத்துக்கு வருவோம். பழைய புரோகிராம் பிறந்த தேதியை வெறும் தேதியாக வைக்கவில்லை. "அந்த நாளின் நள்ளிரவு" என்று ஒரு நேரத்தைத் தானாகச் சேர்த்து, யூடிசிக்கு (கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம்) மாற்றி, தேதியும் மணியும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப்பாக எழுதியிருக்கிறது. விண்டோஸ் வைத்திருக்கும் டைம்ஸோன் பட்டியலில் சிங்கப்பூருக்குப் பழைய வரலாறு கிடையாது. 1975ஆ, 1943ஆ என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 8 மணிதான். எனவே 1975 ஜூன் 15 நள்ளிரவு என்பது யூடிசியில் ஜூன் 14, 16.00 என்று பதிவாயிற்று. எடுக்கும்போதும் அதே 8 மணியைக் கூட்டியதால் 15ஆம் தேதி திரும்ப வந்தது. தப்பாகப் போட்டு, அதே தப்பால் எடுத்தார்கள். கணக்கு நேராகத் தெரிந்தது.

ஜாவா அப்படி இல்லை. இணையத்தின் பெயர்களையும் எண்களையும் கவனிக்கும் ஐயானா என்ற அமைப்பு நிர்வகிக்கும் டைம்ஸோன் தரவுத்தளத்தை அது தன்னோடு வைத்திருக்கிறது. அதில் "ஏசியா/சிங்கப்பூர்" என்ற பெயருக்குக் கீழே நான் மேலே சொன்ன வரலாறு முழுக்க இருக்கிறது. 16.00 என்ற யூடிசி நேரத்தைக் கொடுத்தால், "1975இல் சிங்கப்பூர் 7.30 தானே" என்று நியாயமாகக் கேட்டு, இரவு 11.30 என்று சொல்கிறது. திரையில் மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் காட்டுகிறீர்கள். ஜூன் 14.

பாட்டி பிறந்தபோது தோக்கியோ நேரம், 9 மணி. அவருக்கும் 16.00 தான் பதிவு. 9 கூட்டினால் விடியற்காலை 1 மணி, அதே தேதி. ஜப்பானியர் காலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் பிறந்தநாள் சரியாக வருகிற விசித்திரம் இதனால்தான். உங்கள் பதிவில் 1942க்கு முன் பிறந்த தாத்தா பாட்டிகளையும் பாருங்கள், அவர்களுக்கும் ஒரு நாள் முன்னதாகத்தான் தெரியும்.

புதிய சிஸ்டத்தில் பிழை இல்லை, தம்பி. அது பழைய பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இந்த அரை மணியோடு எனக்குச் சொந்தப் பகையும் உண்டு. நான் 1974இல், ஆவணி பிறந்த மூன்றாம் நாள், காலை 6.45க்கு இங்கே பிறந்தவன். ஊரில் ஜாதகம் எழுத அப்பா கடிதம் போட்டபோது "இங்கே நேரம் இந்தியாவைவிட இரண்டு மணி முன்னால்" என்று மறக்காமல் குறித்திருந்தார். அப்போது அது சரி, 7.30க்கும் 5.30க்கும் இரண்டு மணி. ஜோசியர் சிம்ம லக்னம் என்று எழுதினார். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் வந்துவிட்டது. அந்த சாஃப்ட்வேர் இன்றைய இரண்டரை மணியைக் கழித்து, என்னை அரை மணி முன்னதாகவே பிறக்க வைத்து, கடக லக்னம் என்றது. ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். ஓரத்தில் பிறந்தவனுக்கு அரை மணி போதும், வேறு ஆளாகிவிட. அம்மா எந்த ஜாதகத்தை நம்புவது என்று ஒரு வாரம் குழம்பினார். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு கதை. ஆனால் கையால் எழுதிய ஜாதகத்தில் ஆஃப்செட் (ஊர்களுக்கிடையே நேர வித்தியாசம்) சரியாக இருந்தது, மென்பொருளில் தப்பாக இருந்தது என்பதை ஒரு புரோகிராமராக என்னால் மறக்க முடியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. உங்கள் ஜாவா இன்றைக்கு நம்பியிருக்கும் அந்தத் தரவுத்தளத்தின் பழைய வரலாற்றில் ஒரு பெரும் பகுதி, ஜோதிடர்களுக்காகத் தொகுத்த நேர அட்லஸ்களிலிருந்து வந்தது. எந்த ஊரில் எந்த ஆண்டு கடிகாரம் எப்படி ஓடியது என்று தேடித் தேடி எழுதிவைக்க, ஜாதகம் கணிப்பவர்களைத் தவிர வேறு யாருக்கு அவ்வளவு அக்கறை இருந்திருக்கும்? ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பால் எக்கர்ட் தொடர்ந்து பார்த்துக்கொண்ட தன்னார்வ வேலை அது. 2011இல் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம், அட்லஸின் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று இந்த இருவர் மேலும் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டே வழக்கைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டது. அந்தச் சமயத்தில்தான் தரவுத்தளத்தின் பொறுப்பு ஐயானாவுக்கு வந்தது. உலகத்து போன்களும் பெரும்பாலான சர்வர்களும் "இப்போது மணி என்ன" என்று கேட்பது இந்தத் தொகுப்பைத்தான்.

சரி, இனி மூலக் காரணம். பிறந்த தேதியை ஏன் ஒரு கணமாக எழுதினார்கள்? "தேதி என்றால் டேட்டைம் டைப்" (தேதியும் மணியும் சேர்ந்த தரவு வகை) என்று பழகிய கை. எல்லாவற்றையும் ஒரே டைப்பில் போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று நினைக்கிறோம். இதை விளக்க நான் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுவது தினசரி காலண்டரின் கிழிக்கிற தாளைத்தான். அதில் மூன்று விதமான நேரம் ஒரே காகிதத்தில் இருக்கிறது.

மேலே பெரிய எழுத்தில் தேதி, கிழமை. அது ஒரு நாளின் பெயர், அவ்வளவுதான். அதற்கு மணியும் கிடையாது, ஊரும் கிடையாது. என் பிறந்தநாள் லண்டனுக்குப் போனாலும் அதே நாள்தான். விமானத்தில் ஏறினால் அது மாறாது.

அதன் கீழே "அமாவாசை பிற்பகல் 3.42 வரை" என்பது போல ஒரு வரி. இது உண்மையான ஒரு கணம். சந்திரன் ஓர் இடத்துக்கு வருகிற நொடி உலகம் முழுக்க ஒன்றுதான். சென்னையில் அச்சான காலண்டராக இருந்தால் இரண்டரை மணி கூட்டி, மாலை 6.12 என்று நாம் படிக்கலாம். தப்பே இல்லை.

இன்னும் கீழே ராகு காலம், திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை. இதற்கு இரண்டரை மணி கூட்டினால் அபத்தம். அது ஊரின் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துப் போட்ட பட்டியல் அது. இங்கே பொழுது விடிவது 7 மணி வாக்கில், ஆகவே சிங்கப்பூரில் சுமார் 8.30 முதல் 10 வரை. இங்கே பலர் அச்சிட்டபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள், ராகுவும் பொறுத்துக்கொள்கிறார் போல. விஷயம் என்னவென்றால், இந்த நேரம் இடத்தோடு கட்டியது. இடத்தைச் சொல்லாமல் அதை மாற்ற முடியாது.

புரோகிராமிலும் இந்த மூன்றும்தான். பிறந்த தேதி, ஐசி (அடையாள அட்டை) வழங்கிய தேதி, தடுப்பூசி போட்ட நாள், பொது விடுமுறை: இவை முதல் வகை. நோயாளி கவுண்டரில் பதிந்த நொடி, பணம் கட்டிய நொடி, யார் எப்போது பதிவைத் திறந்தார் என்ற லாக்: இவை இரண்டாவது. அடுத்த மாதம் 9 மணிக்கு டாக்டரிடம் வரச் சொன்ன சந்திப்பு: மூன்றாவது. ஜாவாவில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து லோக்கல்டேட், இன்ஸ்டன்ட், ஸோன்ட்டேட்டைம் என்று மூன்றுக்கும் தனித்தனி டைப் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த பழைய டேட் கிளாஸ் பெயரில்தான் தேதி. உள்ளே இருப்பது 1970லிருந்து எண்ணிய மில்லிசெகண்டு. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் அதையே பார்த்து எழுதியது. ஜனவரிக்கு பூஜ்யம் என்று எண்ணுகிற வழக்கம் உட்பட. புதிய பிரவுசர்களில் அதற்கு மாற்றாக டெம்போரல் வரத் தொடங்கியிருக்கிறது, ஆனால் பழைய டேட் இன்னும் பல காலம் நம்மோடு இருக்கும்.

டேட்டாபேஸிலும் அப்படியே. பிறந்த தேதிக்கு டேட் என்ற வெறும் தேதி டைப் போதும், அதைத் தவிர வேறு எதுவும் கூடாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் "டைம்ஸோனோடு கூடிய டைம்ஸ்டாம்ப்" என்று ஒரு டைப் உண்டு. பெயரைப் பார்த்து அது டைம்ஸோனைச் சேமிக்கிறது என்று நினைக்காதவர் குறைவு. சேமிப்பதில்லை. யூடிசிக்கு மாற்றிவிட்டு, நீங்கள் கொடுத்த ஸோனைத் தூக்கி எறிந்துவிடும். இரண்டாவது வகைக்கு அது அருமையான டைப். மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் டைம்ஸ்டாம்ப்புக்கு 2038 ஜனவரி 19 வரைதான் ஆயுள், நம் நேரத்தில் அன்று காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடி. எதிர்காலத் தேதிகளை அதில் வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இப்போது உங்கள் டேட்டாவைச் சரிசெய்கிற வேலை. நீங்கள் சொன்னபடி ஒரு நாள் கூட்டினால் 1975க்காரரின் பதிவு யூடிசியில் ஜூன் 15, 16.00 ஆகும். புதிய திரையில் "ஜூன் 15" என்று அழகாகத் தெரியும். ஆனால் உண்மையில் அது இரவு 11.30. விண்டோஸில் இன்னும் ஓடுகிற ஏதாவது பழைய ரிப்போர்ட் அதே வரியைப் படித்தால் ஜூன் 16 என்று சொல்லும். பிழையைத் தீர்த்ததாக ஆகாது, பக்கத்து வீட்டுக்கு அனுப்பியதாக ஆகும்.

பழைய சிஸ்டம் எழுதிய எல்லாப் பதிவும் யூடிசியில் மிகச் சரியாக 16.00 மணியாக இருக்கும், ஏனென்றால் எல்லாமே 8 மணி கழித்த நள்ளிரவு. புதிய சிஸ்டம் எழுதியவை வேறு மாதிரி இருக்கும்: 1945 முதல் 1981 வரை பிறந்தவருக்கு 16.30, ஜப்பானியர் காலத்தவருக்கு 15.00, அதற்கு முன்னால் 16.30, 16.40, 17.00 என்று. 1982க்குப் பின் பிறந்தவருக்கு இரண்டுமே 16.00, அதில் பிரச்சினையும் இல்லை. ஆக, யூடிசி மணியே யார் எழுதியது என்று சொல்லிவிடுகிறது. புதிதாக டேட் டைப்பில் ஒரு ஃபீல்டு சேருங்கள். 16.00 ஆக இருந்தால் நிலையான 8 மணியைக் கூட்டித் தேதியை எடுங்கள். இங்கே "ஏசியா/சிங்கப்பூர்" என்ற பெயரைப் பயன்படுத்தாதீர்கள், வெறும் +8 தான். வேறு மணியாக இருந்தால் "ஏசியா/சிங்கப்பூர்" மூலம் மாற்றித் தேதியை எடுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதில் ஆபத்தான கூட்டம் ஒன்று இருக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு கவுண்டரில் யாரோ ஒரு பழைய நோயாளியின் பக்கத்தைத் திறந்து, போன் நம்பரை மட்டும் திருத்தி, சேமித்திருப்பார். திரையில் பிறந்த தேதி ஜூன் 14 என்று இருந்திருக்கும்; அவர் கவனித்திருக்க மாட்டார். சேமித்ததும் அது ஜூன் 14 நள்ளிரவாக, 16.30 ஆகப் பதிவாகிவிடும். இனி எந்தக் கணக்கு போட்டாலும் 15 திரும்ப வராது. அதே 16.30இல், கவனித்துத் திருத்திய நல்லவர்களும் புதிதாகப் பதிந்தவர்களும் கலந்திருப்பார்கள். இவர்களைப் பிரித்துச் சொல்ல கம்ப்யூட்டரால் முடியாது. மாற்றத்துக்கு முந்தைய பேக்கப்பை எடுத்து, பழையவர்களை அதோடு ஒப்பிடுங்கள். பேக்கப்பிலும் இல்லாதவர்களை அடுத்த முறை வரும்போது அடையாள அட்டையோடு சரிபார்க்கக் கவுண்டரில் சொல்லி வையுங்கள். கிளினிக் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம். பெயரும் பிறந்த தேதியும் கேட்டுத்தானே ஆளை உறுதிசெய்து மருந்து கொடுக்கிறார்கள்.

பிறந்த தேதியைப் பார்க்கும்போதே சந்திப்பு நேரங்களையும் பார்த்துவிடுங்கள். "எல்லாவற்றையும் யூடிசியில் சேமி" என்பது நம் தொழிலில் மந்திரம் போல ஆகிவிட்டது. நடந்து முடிந்ததற்கு அது சரி. நடக்கப் போவதற்கு எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1981 நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அடுத்த ஜனவரியின் காலை 9 மணிச் சந்திப்பை அன்றைய 7.30ஐக் கழித்து யூடிசியில் எழுதியிருந்தால், ஜனவரியில் அது 9.30 என்று காட்டியிருக்கும். டாக்டர் 9 மணிக்கு உட்கார்ந்திருப்பார், நோயாளி இருக்கமாட்டார். சிங்கப்பூரில் இனி மாறாது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் உங்களிடம் கொழும்பிலிருந்து வீடியோவில் பேசும் நோயாளி இருக்கலாம். இலங்கை 1996 மே மாதம் 5.30லிருந்து 6.30க்குத் தாவி, அதே அக்டோபரில் 6க்கு இறங்கி, 2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு, பழையபடி 5.30க்கு வந்தது. லண்டன் சிறப்பு மருத்துவர் அவர் ஊர் காலை 9 மணிக்குக் கிடைப்பார் என்றால் கோடையில் நமக்கு மாலை 4, குளிர்காலத்தில் 5. ஆகவே சந்திப்புக்குச் சுவர்க் கடிகார நேரத்தையும் ஊரின் ஸோன் பெயரையும் சேர்த்து வையுங்கள். யூடிசியைத் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். +8 என்ற எண்ணை மட்டும் வைத்தால் ஊர் எது என்று தெரியாது. பெர்த்தும் பெய்ஜிங்கும் கூட +8 தான்.

சர்வர் யூடிசியில் ஓடுவதால் வரும் இன்னொரு தொல்லையை உங்கள் கிளினிக் இன்னும் பார்த்திருக்காது. யூடிசியில் புது நாள் பிறப்பது நமக்குக் காலை 8 மணிக்கு. "இன்றைய வருகை" என்று சர்வரின் தேதியை வைத்து எண்ணினால், நள்ளிரவு முதல் காலை 8 வரை நடந்தவை நேற்றைய கணக்கில் விழும். எட்டு மணிக்குப் பிறகு திறக்கிற கிளினிக்குக்கு இது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியவந்தது லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு கடைக்கு வேலை பார்த்தபோது. ஆண்டு முழுக்க ஒழுங்காக வந்த தினசரி விற்பனை ரிப்போர்ட், தீபாவளிக்கு மட்டும் உதைத்தது. முதல் நாள் இரவு விடிய விடிய வியாபாரம். நள்ளிரவுக்குப் பிறகு விற்ற மிட்டாய், பூ, பலகாரம் எல்லாம் முந்தின நாளில் சேர்ந்து, கல்லாவும் ரிப்போர்ட்டும் ஆயிரக்கணக்கில் முரண்பட்டன. முதலாளி கேஷியரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்தப் பையன் ஒரு காசு எடுக்கவில்லை. கோடில் இருந்த ஒரே ஒரு "இன்று", யாருடைய இன்று என்று சொல்லாமல் இருந்தது. "இன்று" என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஸோனைக் கையால் கொடுத்துவிடுங்கள், சர்வரின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

தீபாவளி என்றதும் இன்னொன்று. விடுமுறை நாள்களைக் கோடில் கணக்கிட முயலாதீர்கள். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சூத்திரத்தில் அடங்குகிற நாள்கள் அல்ல. மனிதவள அமைச்சு வெளியிடும் பட்டியலை ஒரு டேபிளில் போடுங்கள். ஞாயிறு வந்தால் திங்கள் விடுமுறை என்ற ஒரு விதியை மட்டும் கோடில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கடிகாரத்தில் எப்போதாவது சேர்க்கிற லீப் செகண்டு பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். கிளினிக்குக்கு அது தேவையே இல்லை. கடைசியாகச் சேர்த்தது 2017 ஜனவரி 1, நம் நேரம் காலை 8 மணி ஆவதற்கு ஒரு நொடி முன்னால். 2035க்குள் அதை நிறுத்திவிடுவதாக முடிவெடுத்துவிட்டார்கள். வருடத்தைப் பெரிய எழுத்து ஒய்யில் (YYYY) ஃபார்மேட் செய்கிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் இன்றே தேடித் திருத்துங்கள். ஜாவாவில் பெரிய ஒய் என்பது வாரக் கணக்கிலான ஆண்டு, டிசம்பர் கடைசி நாள்களில் அடுத்த ஆண்டைக் காட்டிப் பில்லைக் கெடுக்கும்.

கடைசியாக, டெஸ்ட். திருத்தம் முடிந்ததும் எந்தத் தேதிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். 1930இல் ஒன்று, 1938இல் ஒன்று, 1943 மே 10, 1975 ஜூன் 15, 2000 பிப்ரவரி 29, நேற்று பிறந்த குழந்தை. யூனிக்ஸ் காலத்தின் பூஜ்யத்தையும் (யூடிசியில் 1970 ஜனவரி 1 நள்ளிரவு) போட்டுப் பாருங்கள்: சிங்கப்பூர் நேரத்தில் 1970 ஜனவரி 1 காலை 7.30 என்று வர வேண்டும். 8.00 என்று வந்தால் அந்த லேயரில் வரலாறு தெரியாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 6.55 என்று எங்காவது பார்த்தால், பைத்தானின் பழைய டைம்ஸோன் நூலகத்தை யாரோ தப்பாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது 1905க்கு முந்தைய சூரிய நேரத்தை எடுத்துக் கொடுக்கிறது. ஒரே சோதனையை பிரவுசரிலும் ஜாவாவிலும் டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் தன் சொந்த டைம்ஸோன் பிரதியை வைத்திருக்கலாம், எல்லாம் ஒரே பதிப்பாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பதிப்பு ஏன் முக்கியம் என்றால், அந்தத் தரவுத்தளமே நம் 1981 விஷயத்தில் நெடுங்காலம் தப்பாக இருந்தது. கடிகாரம் மாறியது இரவு 11.30க்கு, அவர்களோ 12 மணிக்கு மாறி 12.30 ஆனதாக எழுதிவைத்திருந்தார்கள். அதன்படி 1982 ஜனவரி 1க்கு நள்ளிரவே கிடையாது! சில ஆண்டுகளுக்கு முன்புதான் திருத்தினார்கள். உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ, அதைப் பொறுத்து அன்று பிறந்தவருக்கு 16.00 அல்லது 16.30 என்று பதிவாகியிருக்கும், தேதி 1982இலோ 1981இலோ தெரியும். நோயாளிப் பட்டியலில் 1982 ஜனவரி 1, 1981 டிசம்பர் 31 இரண்டையும் தேடி, அகப்படுகிற வரிகளை மட்டும் ஸ்கிரிப்டுக்கு விடாமல் நீங்களே கண்ணால் பாருங்கள்.